அலுமாரிக்குள் இருக்கிற மெஷின் மூச்சுத் தராது

2022 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. வழமைபோல மனைவியோடு ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தேன். செப்டம்பரில் அந்தச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தக்காளியும் கறிமிளகாயும் பெட்டி பெட்டியாகக் குவிந்திருக்கும். இத்தாலியக் குடும்பங்கள் வருடம் முழுவதற்கும் சோஸ் காய்ச்சுவதற்காகத் தக்காளிப் பெட்டிகளைக் காருக்குள் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். மனைவி கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றா. நான் பைகளைக் காலடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த வாங்கில் குந்தினேன். அவ்வளவுதான் ஞாபகம்.

"மிஸியூ! மிஸியூ!" என்று யாரோ தோளை உலுப்பத்தான் கண் முழித்தேன். கத்தரிக்காய்க் கடைக்காரப் பெண் முகம் வெளிறி நிற்கிறா. சுற்றி நாலைந்து பேர்.

என்ன நடந்தது என்று மனைவி பிறகு சொன்னா. "முதல் நீங்கள் விட்ட குறட்டையைக் கேட்டு எல்லாரும் சிரிச்சவை. பிறகு சத்தம் டக்கெண்டு நிண்டுபோச்சு. மூச்சே இல்லை. அந்த மனிசி பயந்துபோய் ஓடி வந்திட்டா. எனக்கு இது புதினமில்லை. ஒவ்வொரு நாளும் ராத்திரி இதைத்தானே கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

அந்தக் கடைக்காரப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டா. என் தொழிற்சாலைப் பிரெஞ்சுக்கும் விளங்கிய கேள்வி அது: "உங்களுக்கு ஸ்லீப் அப்னியா இருக்கா?" இருக்கு என்றேன். மெஷின் இருக்கா என்றா. அதுவும் இருக்கு என்றேன். எங்கே என்று அவ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது படுக்கையறை அலுமாரியின் மேல்தட்டில், கம்பளிகளுக்குப் பின்னால் இருந்தது.

"என் கணவராலும் மெஷினோடு படுக்க முடியவில்லை" என்று சொல்லி, தன் பல்லைத் தொட்டுக் காட்டி ஒரு சொல் சொன்னா. ஒர்தேஸ். நித்திரைக்குப் போகும்போது பல்லில் மாட்டுகிற ஒரு கருவி. குறட்டையைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவல் ஒரு கத்தரிக்காய்க் கடையில் கிடைத்தது.

நல்ல நித்திரை என்று நினைத்தது

எங்கள் ஆட்களுக்குக் குறட்டை என்றால் பகிடி. கலியாண வீட்டுக்கு வந்து நின்ற மாமா விட்ட குறட்டையை இருபது வருடம் கழித்தும் சொல்லிச் சிரிப்போம். "மனிசன் அடிச்சுப் போட்ட மாதிரிப் படுக்குது" என்றால் நல்ல நித்திரை என்று அர்த்தம். பகலில் கண் சொக்கினால் இரவு வேலைக் களைப்பு என்போம். இரண்டு வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிய தலைமுறைக்குக் களைப்பு ஒரு வருத்தமாகவே தெரிவதில்லை.

உண்மையில் நடப்பது வேறு. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும். நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரியும். மல்லாந்து படுத்தால் இன்னும் கூட. மூச்சுப் பாதை ஒடுங்க, காற்று உரசி அதிர்வதுதான் குறட்டை. பாதை முற்றாக மூடிக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். மூச்சும் நிற்கும். இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை பதறி ஆளை ஒரு கணம் எழுப்பும். ஒரு பெரிய இழுப்போடு மறுபடி மூச்சு வரும். எழும்பியது எங்களுக்கு ஞாபகமே இருக்காது. காலையில் எட்டு மணித்தியாலம் படுத்தேன் என்போம். ஆனால் உடம்பு இரவு முழுக்க மூச்சுக்காக மல்லுக்கட்டியிருக்கும்.

குறைந்தது 10 செக்கன் மூச்சு நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ ஒரு தடவை என்று கணக்கு. மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 வரை என்றால் இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. எனக்கு வந்த எண் 27. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை.

கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புச் சீர்கேடு, பாரிசவாதம் என்று ஆபத்துகள் வரிசையில் நிற்கின்றன. சீனியும் பிரஷரும் வீட்டுக்கு வீடு இருக்கிற எங்கள் சமூகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. "நான் மெல்லிய ஆள், எனக்கு வராது" என்று சொல்லவும் முடியாது. தாடை சிறியவர்களுக்கும் பின்தள்ளி இருப்பவர்களுக்கும் பெரிய உடம்பு இல்லாமலே வரும். எல்லாவற்றையும் விட உடனடி ஆபத்து, வாகனம் ஓட்டும்போது கண் அயர்வது. எங்களில் எத்தனை பேர் டக்சி, லொறி, டெலிவரி என்று ஓடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கோ.

மெஷினும் நானும்

2019இல் குடும்ப வைத்தியர் எட்டுக் கேள்விகள் கேட்டார். ரொறன்ரோவில் மருத்துவர் பிரான்சிஸ் சுங் தலைமையிலான குழு உருவாக்கி, இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற கேள்விகள் அவை. சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா? பகலில் களைப்பா? மூச்சு நிற்பதை யாரும் பார்த்திருக்கிறார்களா? பிரஷர் இருக்கா? உடற்பருமன்? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்றிமீற்றருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு "ஓம்" என்றாலே சோதிக்க வேண்டும். எனக்கு ஆறு.

பிறகு வீட்டிலேயே ஓர் இரவுச் சோதனை. விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி. முடிவு வந்ததும் சீபாப் மெஷின் எழுதித் தந்தார்கள். சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர் 1981இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய சிகிச்சை இது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும். மூச்சு நிற்பதைத் தடுப்பதில் இன்றுவரை அதை வெல்ல ஒன்றும் இல்லை. கடுமையான அப்னியாவுக்கு முதல் தெரிவும் அதுதான்.

ஆனால் போட்டால்தானே? எனக்கு வாய் வறண்டது. மாஸ்க் ஓரத்தால் காற்று ஒழுகி கண்ணில் அடித்தது. முகத்தில் பட்டி பதிந்த தழும்போடு காலையில் வேலைக்குப் போனேன். மகள் ஒருநாள் "அப்பா, யானை மாதிரி இருக்கிறீங்கள்" என்றாள். அவள் பகிடியாகச் சொன்னாலும் எனக்குச் சுட்டது. சொந்தக்காரர் வந்து நின்ற நாட்களில் மெஷினை ஒளித்து வைத்தேன். ஒளித்தது திரும்ப வெளியே வரவில்லை. மூன்று மாதத்தோடு சரி.

2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருந்த நுரைப்பஞ்சு சிதைவதாகச் சொல்லி இலட்சக்கணக்கான மெஷின்களைத் திருப்பி அழைத்தது. அந்தச் செய்தி வட்ஸ்அப்பில் சுற்றியபோது "பார்த்தியளே, நான் அப்பவே நிப்பாட்டினது நல்லதாப் போச்சு" என்று மனைவிக்குக் காட்டினேன். என்னுடையது வேறு நிறுவனத்தின் மெஷின். அது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்டு.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இதுதான். என்னைப்போல மெஷினை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, வைத்தியரிடம் "பாவிக்கிறன் டொக்டர்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். மெஷின் ஒத்துவரவில்லை என்று சொன்னால் ஏசுவார்களோ என்ற பயம். சொன்னால்தான் அடுத்த வழி திறக்கும் என்பது தெரியாது.

பல்லில் மாட்டுகிற கருவி

வேலைத்தலத்தில் முதலுதவி படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். மயங்கிக் கிடப்பவருக்கு முதலில் நாடியை உயர்த்தி மூச்சுப் பாதையைத் திறக்கச் சொல்லித் தருவார்கள். கீழ்த்தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூட வரும், தொண்டை திறக்கும். ஒர்தேஸ் செய்வதும் அதே வேலைதான். மேற்பல்லுக்கு ஒரு தட்டு, கீழ்ப்பல்லுக்கு ஒரு தட்டு. இரண்டையும் இணைத்து, கீழ்த்தாடையைச் சில மில்லிமீற்றர் முன்னால் பிடித்து வைத்திருக்கும். கரன்ட் வேண்டாம், குழாய் வேண்டாம், சத்தம் இல்லை. ஊருக்குப் போகும்போது சேட்டுப் பையில் கொண்டுபோகலாம்.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. சிறிய தாடையோடு பிறந்து மூச்சுக்குத் தவித்த குழந்தைகளுக்காக பியர் ரொபேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாடையை முன்தள்ளும் கருவி செய்தவர். பெரியவர்களின் குறட்டைக்கு அது 1980களில் வந்தது. ஹவாயில் இதற்கு ஒரு கருவி செய்த பீற்றர் ஜோர்ஜ், 1952 ஒலிம்பிக்கில் பாரம் தூக்கித் தங்கம் வென்ற பல் வைத்தியர். கனடாவில் வன்கூவரின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அலன் லோ என்ற பேராசிரியர் இதில் பெரிய வேலை செய்தார்.

மெஷினைவிட இது நல்லதா? 2013இல் சிட்னி ஆய்வாளர்கள் 126 பேரில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். மூச்சு நிற்பதைக் குறைத்ததில் மெஷின்தான் முன்னுக்கு நின்றது. ஆனால் மெஷினை ஆட்கள் ஓர் இரவில் சராசரியாக 5.2 மணித்தியாலம்தான் போட்டார்கள். வாய்க்கருவியை 6.5 மணித்தியாலம் போட்டார்கள். ஒரு மாத முடிவில் பகல் தூக்கமும் வாழ்க்கைத் தரமும் மெஷினுக்குக் குறையாத அளவு முன்னேறியிருந்தன. அமெரிக்க நித்திரை மருத்துவ, பல் மருத்துவ அமைப்புகள் 2015இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலும், மெஷின் ஒத்துவராதவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் வாய்க்கருவியைப் பரிந்துரைக்கிறது.

சத்தம் நின்றால் போதுமா?

நான் முதலில் செய்த பிழையையும் சொல்லவேண்டும். சந்தையில் கேட்டுவிட்டு வந்த அன்றிரவே இணையத்தில் 60 டொலருக்கு ஒன்று ஓடர் பண்ணினேன். சுடுதண்ணியில் போட்டு மெதுவாக்கிக் கடிக்கிற வகை. இரண்டு கிழமையில் கடைவாய்ப் பல் ஆடுவதுபோல நொந்தது. குப்பைக்குள் போட்டேன்.

அதன் பிறகுதான் ஒழுங்கான வழியில் போனேன். அப்னியா இருக்கா என்று முடிவு சொல்வது மருத்துவரின் வேலை. கருவி செய்வது அதற்கென்று பயின்ற பல் வைத்தியரின் வேலை. மருத்துவரின் கடிதத்தையும் நித்திரைச் சோதனை முடிவையும் கொண்டுபோனேன். பல் வைத்தியர் பல், முரசு, தாடை மூட்டு எல்லாவற்றையும் பார்த்தார். இரண்டு சூத்தைப் பல்லை அடைத்த பிறகுதான் அளவெடுத்தார். சில கிழமைகளில் கருவி வந்தது.

முதல் கிழமை தலையணை நனைய வீணி வடிந்தது. காலையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாது. பாணைக் கடித்தால் வேறு யாருடைய வாயாலோ கடிப்பதுபோல இருக்கும். அதற்கென்று ஒரு சின்னத் துண்டு தந்திருந்தார்கள். காலையில் அதைக் கடித்துத் தாடையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் இருக்கிற திருகாணியைச் சொன்ன முறைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மாதக்கணக்கில்தான் தாடையை முன்னால் எடுத்தோம்.

மூன்றாம் மாதம் குறட்டை நின்றது. "இப்பதான் நான் கலியாணம் கட்டினதுக்குப் பிறகு ஒழுங்காப் படுக்கிறன்" என்றா மனைவி. அத்தோடு விட்டிருப்பேன். பல் வைத்தியர் விடவில்லை. கருவியைப் போட்டபடி மறுபடி நித்திரைச் சோதனை செய்யச் சொன்னார். 27 ஆக இருந்தது 14 ஆகியிருந்தது. சத்தம் துப்புரவாக இல்லை, ஆனால் மணித்தியாலத்துக்கு 14 தடவை மூச்சு இன்னும் தடைப்பட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் முன்தள்ளி, திரும்பச் சோதித்தபோது 6.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்கிறது என்றால் இதை வையுங்கோ: குறட்டை நிற்பது வேறு, மூச்சு சீராவது வேறு. கடையிலும் இணையத்திலும் வாங்குகிற மலிவுக் கருவி சத்தத்தை அடக்கிவிட்டு வருத்தத்தை உள்ளேயே விட்டுவிடலாம். அதற்குப் பிறகு பக்கத்தில் படுப்பவருக்கும் எச்சரிக்கை கேட்காது.

எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். போதிய பல் இல்லாதவர்கள், முரசு வருத்தம் முற்றியவர்கள், தாடை மூட்டு நோவு உள்ளவர்களுக்குச் சிரமம். வெற்றிலை பாக்குப் போட்டுப் போட்டு வாய் இறுகித் திறக்க முடியாமல் போனவர்களை எங்கள் பெரியவர்களிடையே பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கும் கடினம். மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராத வகை அப்னியாவுக்கு இது உதவாது. வருடக்கணக்கில் போடும்போது பற்கள் இடம் மாறுவதும் உண்டு. வன்கூவர் ஆய்வுகளே அதைக் காட்டியிருக்கின்றன. அதனால் பல் வைத்தியரிடம் ஒழுங்காகப் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

காசும் லைசென்சும்

எனக்கு எல்லாமாக 2,000 டொலருக்கு மேல் முடிந்தது. கியூபெக்கில் அரச சுகாதார அட்டையைக் காட்டிக் கருவி எடுக்க முடியாது. சீபாப்புக்கும் பொதுவாக இதே கதைதான். ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு மாகாணத் திட்டம் சீபாப்புக்கு நிர்ணயித்த விலையில் 75 வீதத்தைத் தருகிறது. இங்கே வேலைத்தலக் காப்புறுதியைத்தான் பார்க்கவேண்டும். என் காப்புறுதியில் பல் பகுதியில் கேட்டபோது இல்லை என்றார்கள். மருத்துவ உபகரணப் பகுதியில் மருத்துவரின் கடிதத்தோடு கேட்டபோது ஒரு பங்கு தந்தார்கள். ஆகவே முதல் "இல்லை"யோடு திரும்பி வராதீர்கள். கருவி செய்ய முதலே எழுத்தில் கேட்டு வையுங்கோ.

சிலர் சோதிக்கப் போகாததற்குக் காரணம் காசும் இல்லை, லைசென்ஸ். வாகனம் ஓட்டுவதைப் பாதிக்கும் உடல்நிலை மாற்றத்தை 30 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது கியூபெக் விதி. "சொன்னா லைசென்சைப் பறிச்சுப்போடுவாங்கள்" என்று டக்சி ஓட்டுகிற நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். வைத்தியரோடு வெளிப்படையாகக் கதையுங்கோ என்றுதான் அவருக்குச் சொன்னேன். சிகிச்சை எடுத்துப் பதிவோடு ஓட்டுவது ஒரு நிலை. கண் சொக்கச் சொக்க மெற்றோபொலிற்றன் நெடுஞ்சாலையில் ஓட்டுவது இன்னொரு நிலை. எது குடும்பத்துக்குப் பாதுகாப்பு?

அமைதியான அறையில் கேட்டது

நான் சத்தமில்லாமல் படுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று தெரிய வந்தது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. அறைக்குள் குறட்டை கேட்கிறது. என் வாயில் கருவி இருக்கிறது. சத்தம் பக்கத்திலிருந்து. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. எண்ணினேன். பதினெட்டு வரை எண்ணிய பிறகுதான் மூச்சு வந்தது.

இத்தனை வருடமும் என் சத்தத்துக்குள் அவவின் சத்தம் அமுங்கிக் கிடந்திருக்கிறது. விடியத் தலையிடி, பிரஷர் குளிசை, பகல் முழுக்கச் சோர்வு. எல்லாவற்றையும் வயதென்றும் வீட்டு வேலையென்றும் சொல்லிக்கொண்டிருந்தோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த வருத்தம் கூடுகிறது என்பதை நான் அதற்குப் பிறகுதான் அறிந்தேன்.

"பொம்பிளையள் குறட்டை விடுறதோ? ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்" என்று அவ சோதிக்க மாட்டன் என்றா. மகள்தான் போனில் பதிவுசெய்து போட்டுக் காட்டினாள். அதைக் கேட்டபிறகு அவ ஒன்றும் பேசவில்லை. சோதனை முடிவு 19.

அவவுக்கு ஒர்தேஸ் சரிவரவில்லை. கடைவாய்ப் பற்கள் பாதிக்கு மேல் இல்லை. சண்டைக் காலத்தில் ஊரில் பல்லு வலித்தால் பிடுங்குவதுதான் வைத்தியம். இருந்த பற்களில் கருவியை நிறுத்த முடியாது என்று பல் வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே மருத்துவர் மெஷினை எழுதினார். என் பழைய மெஷினை அப்படியே மாட்ட விடவில்லை. கிளினிக்கில் கொடுத்துச் சோதித்து, அவவுக்கு வேண்டிய அழுத்தத்துக்கு மாற்றி, புது மாஸ்க்கும் குழாயும் போட்டுத் தந்தார்கள். நான் மூன்று மாதம் கூடத் தாக்குப்பிடிக்காத மெஷினோடு அவ இப்போது ஒரு வருடத்துக்கு மேலாக நிம்மதியாகப் படுக்கிறா. ஆளுக்கு ஆள் வேறு. எது நல்லது என்று கேட்டால், ஒவ்வொரு இரவும் நீங்கள் போடப்போவது எதுவோ அதுதான்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கட அப்பா அம்மா தாங்களாகப் போய்ச் சொல்ல மாட்டார்கள். பிரெஞ்சில் சொல்லத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், சொல்ல வெட்கப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் இரவு அவர்களுடைய அறைக் கதவடியில் பத்து நிமிடம் நில்லுங்கோ. சத்தம் நின்று, பிறகு இழுப்போடு தொடங்கினால் போனில் பதிவுசெய்து வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ. குடும்ப வைத்தியர் இல்லாவிட்டால் கியூபெக்கில் 811க்கு அழைத்து வழி கேளுங்கோ.

மெஷின் வாங்கி அலுமாரியில் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை எடுத்து மேசையில் வையுங்கோ. வைத்தியருக்குப் போன் எடுத்து "என்னால இதோட படுக்க ஏலாமல் இருக்கு" என்று உள்ளதைச் சொல்லுங்கோ. மாஸ்க்கை மாற்றிப் பார்க்கலாம், அழுத்தத்தை மாற்றிப் பார்க்கலாம், பல் வைத்தியரிடம் அனுப்பலாம். வழி இருக்கிறது.

நாங்கள் இப்பவும் சனிக்கிழமையில் ஜான்-டலோன் சந்தைக்குப் போகிறோம். கத்தரிக்காய் தெரிந்து முடிய மனைவிக்கு இன்னும் அரை மணித்தியாலம் வேண்டும். நான் அதே வாங்கில்தான் இருக்கிறேன். முழிச்சபடி.